ஜெசிந்தாவின் கம்ப்யூட்டருக்கு நான் போட்ட கிரீஸ்

"…விரலாலகூட இல்லக்கா, பிரஷ்ஷால. பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷு. நான் வூட்டுக்குள்ள நுழையறேன், இந்த ஆளு தரையில குந்திகினு கம்ப்யூட்டருக்குக் கிரீஸ் அடிச்சிகினு கீறாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என் மனைவி ஜெசிந்தா.

இடம், ராயபுரத்தில் ஒரு மண்டபம். விசேஷம், என் அண்ணன் மகளின் நிச்சயதார்த்தம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். பெண் என்ன படித்திருக்கிறாள், எங்கே வேலை செய்கிறாள் என்பதெல்லாம் அப்புறமாம். இந்தக் குடும்பத்தைப் பற்றி அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெண்ணின் சித்தப்பா கம்ப்யூட்டருக்குக் கிரீஸ் போட்டவர் என்பதுதான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்தக் கட்டுரையை அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். வருஷக்கணக்காக இந்தக் கதை ஓடுகிறது. ஞானஸ்நானத்தில் சொன்னாள், கல்யாணத்தில் சொன்னாள், ஒரு முப்பதாம் நாள் ஜெபத்தில்கூடச் சொன்னாள். (செத்துப்போனவரின் மனைவி அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தாராம். அதற்காக எனக்கு நன்றி வேறு சொன்னார்.) ஒவ்வொரு முறையும் கதையில் ஒரு பொய் கூடிக்கொண்டே போகிறது. உள்ளது உள்ளபடி எழுதிவைத்துவிட்டால் என் மானம் திரும்பி வரும் என்று நம்புகிறேன்.

ஆகவே முதல் திருத்தம். அது பெயின்ட் பிரஷ் இல்லை. பல் தேய்க்கிற பிரஷ். பழையது. நன்றாகக் கழுவித்தான் எடுத்தேன்.

இனி நடந்தது.

ஜெசிந்தா வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். ஸ்டூடியோக்காரர்கள் படங்களைக் கொடுப்பார்கள். இவள் பக்கம் பக்கமாக அடுக்கி, கூட்டத்துக்குப் பின்னால் தெரிகிற குப்பைத்தொட்டியை அழித்து, அழுத முகத்தைத் துடைத்து, அழகாக்கித் தருவாள். யாரும் சொல்லித்தரவில்லை, தானே பார்த்துப் பார்த்துப் படித்தது. அவளுடைய கம்ப்யூட்டர் வேறு யாரோ பயன்படுத்திக் கழித்தது. ஒரு பக்கத்தைச் சேமிக்கச் சொன்னால் அது யோசிக்கும், பெருமூச்சு விடும், மறுபடி யோசிக்கும். "இது ஒரு பக்கம் சேவ் பண்றதுக்குள்ள நான் ஒரு கிலோ சங்கரா மீன ஆய்ஞ்சி, மஞ்சத்தூள் போட்டு வச்சிட்டு வந்துடுவேன்" என்பாள்.

இதை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அது குறை இல்லை. அவள் தன் சமையலையே அந்த மெஷினின் வேகத்துக்குத் தகுந்தபடி பிரித்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்துக்கு மீன், ஒரு பக்கத்துக்கு உலை, ஒரு பக்கத்துக்குப் பாத்திரம். கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்கு இது தெரியவில்லை. கட்டின பொண்டாட்டியின் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்று தெரியாதவனைத் திட்டாமல் யாரைத் திட்டுவது?

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது. டோல்கேட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் தனபால் அண்ணாச்சி கொடுத்தது. எண்ணூர்ப் பெண், மாப்பிள்ளை கப்பல் வேலை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவன் கப்பல் ஏறுகிறான். ஏறிவிட்டால் திரும்ப மாசக்கணக்காகும். அவன் போவதற்குள் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை ஆல்பத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. அச்சடித்து வர நாளாகும். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாப் பக்கமும் அண்ணாச்சி கையில் இருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்குத் தென்காசிப் பக்கம். வியாபாரத்துக்காக வடசென்னைக்கு வந்து பல காலம் ஆகியும் பேச்சு மாறவில்லை. வேலையைக் கொடுக்கும்போதே இழுத்தார். "பொம்பளப்பிள்ள வீட்டுல இருந்து செய்யுத வேல. பொறவு சமையலு, சடங்குன்னு சொல்லிட்டு வந்து நிக்கக்கூடாதும்மா."

"செவ்வாக்கெழம காலையில உங்க கையில இருக்கும் அண்ணாச்சி. ஒரு பேச்சு வராது" என்றாள் ஜெசிந்தா.

அவள் கொடுத்த வார்த்தை அது. அதைத்தான் நான் கிரீஸில் முக்கினேன்.

என் மச்சான் சேவியர், அதாவது ஜெசிந்தாவின் தம்பி, ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். அந்தச் சனிக்கிழமை ஒரு பிராசஸரைக் கொண்டுவந்தான். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி அது. பிஸ்கட் அளவில் ஒரு சில்லு. அடியில் தலைமுடி போல நூற்றுக்கணக்கான கால்கள், தங்க முலாம் பூசினது. பழைய மூளையை எடுத்துவிட்டு இதை மாட்டினால் மெஷின் பறக்கும் என்றான்.

"ஆனா மாமா, ஆல்பம் போய்ச் சேரட்டும். அப்பால நானே வந்து மாட்டித் தரேன். அதுவரைக்கும் டப்பாவத் தொறக்காத."

ஜெசிந்தா இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "கைய வச்ச, அவ்ளோதான்."

ஆயிற்றா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கடைசியாகச் சில படங்களைப் பெண் வீட்டில் காட்டிச் சம்மதம் வாங்க அவள் எண்ணூருக்குக் கிளம்பினாள். வீட்டில் நான், கம்ப்யூட்டர், பிராசஸர். நான் கண்டெய்னர் யார்டில் கிரேன் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். வீடு உயரத்துக்குப் பெட்டியைத் தூக்குகிற கிரேனைப் பிரித்து மாட்டுகிற எனக்கு ஒரு பிஸ்கட்டைத் தூக்கி வைக்கத் தெரியாதா? இவர்கள் அக்காளும் தம்பியும் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? அவள் திரும்பி வரும்போது மெஷின் பறக்க வேண்டும், அவள் அசந்து நிற்க வேண்டும், நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டும். (அந்த டீயைக்கூட முன்னாலேயே போட்டு வைத்துவிட்டேன். ஆடை கட்டிக் கிடந்தது.)

போனில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். மீசை முளைக்காத ஒருவன், ஏசி அறையில், கையுறை போட்டுக்கொண்டு, சிரித்த முகமாகப் பிராசஸர் மாற்றினான். எனக்கு அவன் மேல் இன்றைக்கும் கோபம். அவன் ஊரில் கடல் இல்லை.

ஏனென்றால் எங்கள் ஊர் வேறு. என் மேஸ்திரி ஏகாம்பரம் அண்ணன் வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் சொன்னார், "இந்த ஊர்ல காத்துக்குப் பல்லு கீதுடா. எது மேல பூச்சு இல்லையோ அதத் துன்னுட்டுப் போயிடும்." எவ்வளவு உண்மை. உப்புக் காற்று எங்கள் தெருவில் எதையும் விட்டுவைப்பதில்லை. கேட்டின் கீல், ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பூட்டு எல்லாவற்றுக்கும் எண்ணெயோ கிரீஸோ வைத்தால்தான் பிழைக்கும். ஜெசிந்தா ஊக்குகளைக்கூடத் தேங்காய் எண்ணெயில் புரட்டித்தான் டப்பாவில் போடுவாள். மழைக்காலம் முடிந்தால் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கிண்ணமும் துணியுமாக வாசலில் நிற்போம். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுப் பெயர்ப்பலகைக்கே கிரீஸ் தடவுவார். பெயர் தெரியாது, ஆனால் துருப்பிடிக்காது.

கேபினெட்டைத் திறந்தேன். திறந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. திருகாணியெல்லாம் செங்கல் நிறம். அடித்தகடு செதில் செதிலாக உதிர்கிறது. ஒரு மனுஷனுக்கும் இதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று தோன்றவில்லையே என்று கம்ப்யூட்டர் விற்றவன், செய்தவன், சேவியர் எல்லாரையும் சேர்த்துத் திட்டினேன்.

பிராசஸரின் தலைமேல் சூட்டை வாங்குவதற்கு ஒரு அலுமினியக் கட்டியும் மின்விசிறியும் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றினேன். வரவில்லை. அசைத்தேன். வரவில்லை. யார்டில் வராத போல்ட்டை என்ன செய்வோமோ அதைச் செய்தேன். கடைவாய்ப் பல் பிடுங்கின மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. பார்த்தால், அடியில் பழைய பிராசஸரும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பசை காய்ந்து ரெண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கால்களெல்லாம் பக்கத்துக்கொன்றாக வளைந்து, ரெண்டு மூன்று காணவே இல்லை.

புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பழசு எப்படியும் ஓய்வுபெறப் போகிற ஆள்தானே, அதற்குக் கால் எதற்கு என்று நினைத்தேன்.

புதுசை எடுத்தேன். கூடவே சேவியர் பட்டாணி அளவுக்குச் சாம்பல் நிறப் பசை அடங்கிய ஒரு குட்டிக் குழாயைக் கொடுத்திருந்தான். அது சூட்டைக் கடத்துவதற்கு, பிராசஸரின் தலைமேல் தடவ வேண்டும் என்று வீடியோக்காரன் சொன்னான். தடவினேன். அப்போதுதான் அடியிலிருக்கிற அந்தத் தங்கக் கால்களைப் பார்த்தேன். மேலே மூடி இருக்கிற இடத்துக்கே பூச்சு வேண்டுமாம், தலைமுடி மாதிரி இருக்கிற கால்களுக்கு ஒன்றும் வேண்டாமாம். என்ன நியாயம் இது? திருகாணிக்கே அந்தக் கதி என்றால் இந்தக் கால்கள் எங்கள் காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

கேட்டுக்குப் போடுவதற்காக யார்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு கிரீஸ் ஒரு டப்பாவில் இருந்தது. கிரேனின் கம்பி வடத்துக்குப் போடுவது. கிராஃபைட் கலந்தது. (ஜெசிந்தா 'ஒரு பக்கெட்' என்கிறாள். பக்கெட் இல்லை, டப்பா. இது ரெண்டாவது திருத்தம்.) பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டு, ஒரு கால் விடாமல், பொறுமையாகத் தடவினேன். என் வாழ்க்கையில் வேறு எந்த வேலையையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. மிச்சமிருந்ததை, கால்கள் போய் உட்காருகிற ஓட்டைகளிலும் அப்பினேன்.

கிராஃபைட்டில் கரண்ட் பாயும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பள்ளிக்கூடத்தில் பென்சில் முனையை வைத்து பல்பு எரிய விட்டுக் கைதட்டு வாங்கினவன் நான். அந்த அறிவு அந்த மத்தியானம் எங்கே போய்ப் படுத்திருந்தது என்று யோசித்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மூன்றாவது திருத்தம்தான் முக்கியமானது. ஜெசிந்தா வீட்டுக்குள் நுழைந்தபோது நான் கிரீஸ் அடித்துக்கொண்டிருக்கவில்லை. அடித்து முடித்து, மாட்டி, மூடி, திருகாணிக்கும் கிரீஸ் வைத்து, சுவிட்சையும் போட்டுவிட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு வாசனை. (அவள் சொல்கிற பொய்யில் என் மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. அவள் கதையில் நான் பாதியிலேயே பிடிபட்டுவிடுகிறேன்.)

"இன்னா நாத்தம்?" வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. புதுசு. மொதல்ல அப்படித்தான் வரும்."

"இன்னா புதுசு?"

நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

"கிரீஸு டப்பா இன்னாத்துக்கு உள்ள கீது?"

"துருப்புடிக்கக் கூடாதுன்னு…"

"எது?"

விரலால் காட்டினேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிரஷ்ஷைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். ஜெசிந்தா எனக்கு எப்போதும் 'நீ'தான் போடுவாள். சண்டையில் 'யோவ்' போடுவாள். அதெல்லாம் அன்பு. அன்றைக்கு ரொம்ப மெதுவாக, "நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள். டீ கிளாஸோடு சுவரோரமாகத் தள்ளிக்கொண்டேன்.

சேவியர் வந்து திறந்தான். "மாமா, இது இன்னா, எள்ளுருண்டையா?" என்றான். காரணத்தைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சட்டையைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். கையெல்லாம் கிரீஸ், வழுக்கிவிட்டது.

"சிரிக்காதடா" என்றாள் ஜெசிந்தா. "டிஸ்க் நல்லாக்கீதா, அத மட்டும் சொல்லு."

டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. செய்த பக்கங்களெல்லாம் அதில் பத்திரம். ஆனால் மதர்போர்டு போய்விட்டது. வேறு தேட நாளாகும். பாதி ஆல்பம் மிச்சம். சேவியருடைய அலுவலக லேப்டாப் அவளுடைய மென்பொருளைத் தாங்காது. தாங்குகிற மெஷின் எங்களுக்குத் தெரிந்த ஒரே இடத்தில்தான் இருந்தது. அண்ணாச்சி ஸ்டூடியோவில்.

"அங்க போய் நின்னா நான் சொன்ன வார்த்தைக்கு இன்னா மரியாத?" என்றாள். சேவியர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தாள். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். இறங்கும்போது ஜெசிந்தா சொன்னது ஒன்றுதான். "அங்க வந்து ஒரு வார்த்த பேசாதீங்க."

ஸ்டூடியோவில் கூட்டம். உள்ளே ஒரு குடும்பம் போட்டோவுக்காக வரிசையாக நின்றுகொண்டிருந்தது. அண்ணாச்சி கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "வாம்மா. முடிஞ்சிட்டா?"

"முடியல அண்ணாச்சி. வீட்டுல மிஷின் திடீர்னு படுத்துடுச்சி. உங்க மிஷின்ல ஒக்காந்து இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடறேன்."

மெஷின் படுத்துவிட்டதாம். என் பெயரை எடுக்கவில்லை. நான் பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிறேன், ஒரு வார்த்தை என் பக்கம் திருப்பவில்லை.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "நான் அன்னைக்கே நெனச்சேன். வீட்டுல வச்சுச் செய்யுத வேலன்னா இப்படித்தான். நம்ம சொன்னா கேக்கவா செய்தீய. பொம்பளையளுக்கு வீட்ட பாக்கவே நேரம் பத்தாது, இதுல…"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் யாரிடமும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான், எனக்குள் என்னவோ அறுந்தது. யார்டில் கிரேன்மேல் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் கத்தினேன்.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. நான்தான் பிராசஸருக்குக் கிரீஸ் போட்டேன்."

போட்டோவுக்கு நின்ற வரிசை மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"என்னத்தப் போட்டீரு?" என்றார் அண்ணாச்சி.

"கிரீஸ்."

"கம்ப்யூட்டர்லயா? எதுக்கு வே?"

"துருப்பிடிக்காம."

முதலில் போட்டோவுக்கு நின்ற குடும்பத்தின் பெரியவர்தான் சிரித்தார். அப்புறம் வரிசையே கலைந்தது. மாமியார் மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எந்த கிரீஸ் வே?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். என்னை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும், காலை அகற்றி நின்று, ஏதோ கொடியேற்றத்தில் பேசுகிற மாதிரி, பிரஷ் உட்பட எல்லாவற்றையும் கோபமாகச் சொல்லி முடித்தேன்.

அண்ணாச்சி எழுந்து ஜெசிந்தாவுக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. இப்படி ஒரு ஆள வச்சுக்கிட்டா இவ்வளவு பக்கம் முடிச்சிருக்க? தப்பா நெனச்சுட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தை முடித்துச் சேமிக்கச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் எழுந்தாள். திரையைப் பார்த்து நின்றாள். "ஆயிடுச்சா? அதுக்குள்ளயா?" என்றாள். கை ரெண்டும் சும்மா தொங்கியது. ஆய்வதற்கு மீன் இல்லை. மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் ஆல்பம் முடிந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆல்பத்தின்மேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருக்கிற ஒரு படத்தை அண்ணாச்சி ஜெசிந்தாவின் போனுக்கு அனுப்பினார்.

அதன் பிறகு அண்ணாச்சியின் பெரிய வேலைகளெல்லாம் அவளுக்குத்தான். அவசர வேலை என்றால் மட்டும் போனில் முதலில், "சார் ட்யூட்டியிலயா, வீட்டுலயா?" என்று கேட்பார். நான் வீட்டில் என்றால், "பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவார். சேவியர் வேறொரு மதர்போர்டு பிடித்து வந்து, நான் கிரீஸ் தடவின பிராசஸரின் கால்களைக் கழுவித் துடைத்து மாட்டினான். மெஷின் இப்போது நிஜமாகவே பறக்கிறது. ஒரு பக்கம் கண்ணிமைக்கிற நேரத்தில் சேமித்துவிடுகிறது. அதனால் நடுவில் எழுந்துபோக அவளுக்கு நேரமே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் ஆய்வது நான்.

சரி, கட்டுரையை எழுதி முடிக்கும்போதுதான் ஒன்று உறைக்கிறது. இந்தக் கதையை ஊரில் முதலில் சொன்னவன் நான். அவளைக் கோபிக்க எனக்கு என்ன உரிமை? இன்னொன்றும் இருக்கிறது. எல்லா விசேஷத்திலும் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறவள், ஸ்டூடியோவில் என் பெயரைச் சொல்லாமல் 'மிஷின் படுத்துடுச்சி' என்று நின்ற இடத்தை மட்டும் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு மண்டபத்திலும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பால இன்னா ஆச்சி?" என்று கேட்டாள். மாப்பிள்ளைக்குப் பரிசாக வந்த புது லேப்டாப், பெட்டி பிரிக்காமல், மேசையில் என் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. ஜெசிந்தா பேச்சை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பியும் பார்க்காமல், கையை நீட்டி அந்தப் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.